கையில பூசின மண்ணிறம்

முதல்ல என்ர விசர் வேலையை ஒப்புக்கொண்டுவிடுறன். இல்லாட்டி மிச்சக் கதை உங்களுக்கு விளங்காது. என்ர வலக்கையில, முழங்கைக்குக் கொஞ்சம் கீழ, வெளிறின திட்டு ஒண்டு வந்தது. அதை டொக்டரிட்டக் காட்டாமல், பதினொரு மாதமாப் பாஸ்டலால கலர் அடிச்சு மறைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

நான் மன்னாரில ஒரு பள்ளிக்கூடத்தில சித்திர வாத்தி. எண்ணெய்ப் பாஸ்டலும் கரும்பலகை வெண்கட்டியும்தான் என்ர சீவியம். திட்டை மறைக்கிறதுக்கு அடியில மண்ணிறம். அதுக்கு மேல துளி செம்மஞ்சள். ஓரத்தில கறுப்பைத் தொட்டும் தொடாமலும் வைச்சு, சின்னி விரலால வட்டமாத் தேய்க்க வேணும். இருபத்திநாலு வருசம் படம் கீறினதில, அசலும் நகலும் ஒண்டாத் தெரிஞ்சது அந்த ஒரு இடத்திலதான். ஆருக்கும் காட்ட ஏலாமல் போட்டுது.

திட்டு கடிக்கேல்ல, நோகேல்ல. நோகாததை நாங்கள் வருத்தமெண்டு எண்ணுறேல்ல. தேமல் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். நோகாததுதான் அதின்ர வருத்தமே எண்டு அப்ப எனக்குத் தெரியாது.

அடையாளம் வேற வராமல் இல்ல. ஒருநாள் பின்னேரம் பாஸ்டல் துண்டுகளைத் தகர மூடியில போட்டு, விளக்கில உருக்கிக்கொண்டிருந்தன். உருகினதை மட்டையில ஊத்தினால் கடல் அலை நல்லா வரும். கருகின மணம் வந்தது. "ஜெசி, மீன் கருகுது, பார்" எண்டு குசினிப் பக்கம் சத்தம் போட்டன். என்ர மனுசி எட்டிப் பாத்திட்டு, "இண்டைக்கு மீன் எடுக்கேல்ல, கருகிறது உங்கட விரல்" எண்டா.

சின்னி விரல் மூடியில ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் சிரிச்சன். வெண்கட்டி பிடிச்சு மரத்த கை எண்டு சொல்லிச் சமாளிச்சன். அவ சிரிக்கேல்ல. மருந்து பூசிக் கட்டி விட்டா. அந்தக் கட்டுக்கு ஒரு சாண் மேலதான் நான் பூசின மண்ணிறம் இருந்தது. அவவின்ர கண்ணுக்கே தெரியேல்லயெண்டு எனக்குள்ள ஒரு பெருமை வேற.

பிடிபட்டது வேதக்கோயில் திருநாளில. மன்னாரில ஆடி வெயிலுக்குப் பெட்டியில கிடக்கிற பாஸ்டலே வெண்ணெய் மாதிரி இளகும். கையில பூசினது நிண்டு பிடிக்குமா? வெயிலில சுற்றுப்பிரகாரம் நடந்து முடியேக்க வெள்ளைச் சேட்டுக் கையின்ர உள்பக்கம் முழுக்க ஊறிப் போச்சு. அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கேக்க மனுசி அந்தச் சேட்டைக் கொண்டுவந்து என்ர மடியில போட்டா.

"இது ஆற்ற முகம்?"

"என்ன?"

"முகத்துக்குப் பூசுற சாமான் இது. பிசுபிசுக்குது. உங்கட கையில தலை வைச்சுப் படுத்தவள் ஆர்?"

இந்த இடத்தில உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் யோசிச்சுப் பாத்தன். எனக்கு அந்த நோய் எண்டு சொல்லுறதை விட, எனக்கு ஒரு பொம்பிளை எண்டு அவ நினைக்கிறது மரியாதையாத் தெரிஞ்சது. அவ நினைச்சபடியே இருக்க விட்டன். அண்டைக்கு எனக்குக் கறி இல்ல, சோறும் சொதியும் மட்டும்தான்.

அதுக்குள்ள நோயின்ர பேர் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பியள். தெரியும். தெரிஞ்சபடியாத்தான் கலர் பூசினனான். வருசா வருசம் ஞாயிறு மறைப்பள்ளிக் கரும்பலகையில, சுவிசேசத்தில வாற பத்துக் குஷ்டரோகிகளை நான்தான் கீறுறனான். பத்துப் பேருக்கும் சுகம் கிடைக்கும், ஒருத்தன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருவான், அந்தக் கதை. பிள்ளையளுக்கு மனசில பதிய வேணுமெண்டு ஒவ்வொருத்தனையும் பயங்கரமாக் கீறுவன். மூக்கில்லாமல், விரலில்லாமல், கந்தல் சுத்தினபடி. என்ர கையில திட்டைக் கண்ட நாளில முதல்ல நினைவுக்கு வந்தது நான் கீறின அந்தப் பத்து மூஞ்சியள்தான். என்னை நானே பயப்படுத்திப்போட்டன்.

மறுநாள் காலமை மனுசி என்னை யன்னலுக்குப் பக்கத்தில கதிரையில இருத்தி, துணியில தேங்காயெண்ணெய் நனைச்சு என்ர கையைத் துடைச்சா. கலர் கழண்டு வந்தது. அவ திட்டை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினா.

"உது எப்ப தொடக்கம்?"

"கொஞ்ச நாள்."

"கலர்?"

"அதுவும் கொஞ்ச நாள்தான்."

"அங்கால திரும்புங்கோ. ரோட்டில கழுதை நிக்குது, அதைப் பாருங்கோ."

பாத்தன்.

"இப்ப நான் என்ன செய்யிறன்?"

"ஒண்டும் செய்யேல்ல."

"கிள்ளிக்கொண்டு நிக்கிறன்."

திரும்பிப் பாத்தன். நகம் பதிஞ்ச இடத்தில ரத்தம் பொட்டு வைச்ச மாதிரி நிண்டது. எனக்கு உண்மையாப் பயம் வந்தது அப்பதான்.

மனுசி அழேல்ல. "ஒருத்தி எண்டால் அவளின்ர வீட்டை போய்க் கேட்டிருப்பன். இதை நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" எண்டா.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டருக்குக் காத்து வாங்கில இருக்கிற அரைவாசிச் சனம் என்னட்டப் படிச்ச ஆக்களா இருக்கும். அதால பஸ் ஏறி, தூரத்தில இருக்கிற முருங்கன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனன். அங்க டொக்டர் கையைத் தடவிப் பாத்திட்டு ஒரு கடிதம் எழுதித் தந்தார். கடிதம் ஆருக்கு எண்டு பாத்தால், மன்னாரில இருக்கிற தோல் கிளினிக்குக்கு. என்ர வீட்டில இருந்து அஞ்சு நிமிச நடை.

திரும்பி வாற பஸ்ஸில தெரிஞ்ச மீன் யாவாரி ஒராள் பக்கத்தில வந்து இருந்தார். "சேர், முருங்கனில என்ன?" எண்டார். "அரிசி வாங்க வந்தனான்" எண்டன். "அரிசி எங்க?" எண்டார். "மறந்துபோய் ஏறிட்டன்" எண்டு சொல்லி இறங்கி, பத்துக் கிலோ வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில வந்தன். இதை வாசிக்கிற உங்களில ஆரும் ஒளிச்சு வைத்தியம் பாக்க நினைச்சால், அரிசிச் செலவையும் சேத்து யோசியுங்கோ.

கிளினிக்கில இருந்தவ ஒரு இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை. தமிழைச் சொல்லுச் சொல்லாத் தேடி எடுத்துக் கதைப்பா. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால தொட்டா. எங்க தொட்டது எண்டு விரலால காட்டச் சொன்னா. பாதி இடம் பிழைச்சுது. முழங்கைக்குப் பின்னால அமத்திப் பாத்தா. அங்க நரம்பு நைலோன் கயிறு மாதிரித் தடிச்சுக் கிடந்தது. முதுகிலயும் ஏழு திட்டு இருக்கெண்டு அவ சொல்லித்தான் தெரியும். முதுகுக்கு நான் கலர் அடிக்கேல்ல.

"தொழுநோய்" எண்டா. குரலை ஏத்தவும் இல்ல, இறக்கவும் இல்ல. சளி, தடிமன் எண்டு சொல்லுற மாதிரி.

"விரல் விழுமா, டொக்டர்?"

"விரல் சும்மா விழாது. உங்களுக்கு நோகாது, அதால காயம் தெரியாது. தெரியாத காயம்தான் விரலைக் கெடுக்கும். கிருமி மருந்தில செத்துப் போகும். நரம்பு திரும்ப வருமா எண்டு பாக்க வேணும். கொஞ்சம் லேட் ஆகி வந்திருக்கீங்க."

பிறகு என்ர கை மயிரடியில ஒட்டிக்கிடந்த மண்ணிறத்தை நகத்தால சுரண்டிப் பாத்தா. "இது என்ன?"

சொன்னன். அவ கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கிட்டப் பாத்தா. "நல்ல மெச்சிங்" எண்டா. "இனிப் போட வேணாம்."

கூட்டுமருந்து (கிருமி ஒரு மருந்துக்குப் பழகிப்போகாமல் இருக்க மூண்டு மருந்தை ஒண்டாக் குடுக்கிறது) இருபத்தெட்டு நாளுக்கு ஒண்டாப் பன்னிரண்டு அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் முதல் நாள் குளிசையளை நேர்சுக்கு முன்னால விழுங்க வேணும். மிச்சம் வீட்டில. மனுசியையும் முழுக்கச் சோதிச்சினம். அவவுக்கு ஒண்டும் இல்ல. அண்டைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கினது.

ஒண்டை முன்கூட்டியே சொல்லிவைக்கிறன், பயந்துபோகாதேங்கோ. முதல் நாள் குளிசைக்குச் சலம் (சிறுநீர்) சிவப்பாப் போகும். ஆறேழு கிழமையில தோல் கறுக்கத் தொடங்கும். எனக்கு முகம், கை, கால் எல்லாம் செம்பு கலந்த கறுப்பாப் போச்சு. என்ர பாஸ்டல் பெட்டியில அப்பிடி ஒரு நிறமே இல்ல. பதினொரு மாதம் நான் பாத்துப் பாத்துப் பூசின கையை, ஒரு குளிசை பிரஷ் இல்லாமலே வேற நிறம் அடிச்சுப்போட்டுது.

கறுத்தால் ஊர் கேக்கும். அதுக்கு முதல் பள்ளிக்கூட அதிபரிட்ட நானே போய்ச் சொன்னன். கெட்ட மனுசன் இல்ல அவர்.

"சேர், ஒரு வருசம் லீவு போடுங்கோவன்" எண்டார்.

"தொத்தாது எண்டு டொக்டர் கடிதம் தந்திருக்கிறா. மருந்து தொடங்கினவனிட்ட இருந்து பிள்ளையளுக்கு ஒண்டும் வராது."

"எனக்கு விளங்குது. தாய் தகப்பனுக்கு விளங்க வேணுமே."

"அப்ப அவையைக் கூப்பிடுங்கோ. நானே விளக்குறன்."

"சேர், இது பகிடி விடுற விசயம் இல்ல."

"பகிடியை விட்டால் என்னட்ட வேற என்ன இருக்கு? வீட்டில போய் ஒளிச்சால் நான் கீறின அந்தப் பத்துப் பேரோட பதினொராவது ஆளாப் போயிடுவன். போக மாட்டன்."

லீவு போடுறது பிழை எண்டு நான் சொல்லேல்ல. உடம்பு கேட்டால் போடுங்கோ. ஊர் கேட்டால் போடாதேங்கோ.

கடைசியா அதிபர் கூட்டின தாய் தகப்பன் கூட்டத்துக்கு ஒரு மண்டபம் சனம் வந்தது. நான் கரும்பலகையில என்ர கையைப் பெரிசாக் கீறினன், திட்டெல்லாம் சேத்து. நடுவில வெண்கட்டி படாரெண்டு உடைஞ்சது. விரலுக்கு உணர்ச்சி இல்லாதவனுக்கு எவ்வளவு அமத்துறம் எண்டு தெரியாது. இன்னொண்டு எடுத்தன், அதுவும் உடைஞ்சது. மூண்டாவதும் உடைய, பின்னுக்கு ஆரோ சிரிச்சினம். நானும் சிரிச்சன். பிறகு மண்டபம் முழுக்கச் சிரிச்சுது. பயந்து விறைச்சுப்போய் இருந்த சனம் அப்பதான் கதிரையில சாய்ஞ்சு இருந்தது.

உப்புக்குளத்தில இருந்து வந்த ஒரு தாய் எழும்பினா. ஏழாம் ஆண்டுப் பிள்ளையின்ர உம்மா.

"சேர், கோவிக்காதேங்கோ. நீங்க தொட்ட பாஸ்டலை என்ட மகள் தொட்டா என்ன ஆகும்?"

"ஒண்டும் ஆகாது. மகள் தொட்டதை நான் தொட்டால் எனக்குத் தடிமன் வரும். அவ மூக்கைத் துடைச்ச கையால பெட்டியைத் திறக்கிறவ."

சனம் திரும்பவும் சிரிச்சுது. அவ சிரிக்கேல்ல. "அப்ப சரி சேர். ஆனா அவட பெட்டியை நீங்க தொட வேணாம்."

"சரி, தொட மாட்டன்" எண்டன். வெண்டிட்டன் எண்டு சொல்ல மாட்டன். ரெண்டு பேர் பிள்ளையளை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தினவை. அடுத்த கிழமை வகுப்பில கொஞ்சப் பிள்ளையள் பாஸ்டல் பெட்டியை மடியில வைச்சுக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தினம். நான் என்ர பெட்டியால மட்டும் சொல்லிக்குடுத்தன். ஒரு மாதம் போக அவைக்கு அலுத்துப்போச்சு. "சேர், எனக்கு நீலம் கலக்க வருதில்ல" எண்டு ஒவ்வொருத்தரா நீட்டத் தொடங்கிச்சினம். அந்த உம்மாவின்ர மகள்தான் முதல் ஆள். நான் கையைப் பின்னால கட்டிக்கொண்டு வாயால சொல்லிக்குடுத்தன். சொன்னது சொன்னதுதானே.

மூண்டாவது அட்டை முடியேக்க அடுத்த அடி விழுந்தது. முழங்கைக்குள்ள நெருப்பு வைச்ச மாதிரி ஒரு நோ. காலமை எழும்பிப் பாத்தால் சின்னி விரலும் பக்கத்து விரலும் கொக்கி மாதிரி வளைஞ்சு கிடந்தது. கோப்பை நழுவுது, சேட்டுக்குப் பொத்தான் போட ஏலாது. இதை ரியக்ஷன் எண்டு சொல்லுவினம் (கிருமியோட உடம்பு சண்டை பிடிக்கேக்க நரம்பு வீங்குறது). மருந்து பிழைச்சிட்டுது எண்டு நினைச்சு நிப்பாட்டிடாதேங்கோ, இந்த இடத்திலதான் கனபேர் நிப்பாட்டுறவை. நானும் அட்டையைத் தூக்கி எறிஞ்சனான். மனுசி பொறுக்கி எடுத்து, தூசு தட்டி, தண்ணியோட கொண்டுவந்து நீட்டினா.

"எறியிறதுக்கு அந்தக் கை வேலை செய்யுதுதானே. விழுங்குங்கோ" எண்டா.

பிரட்னிசலோன் (வீக்கத்தை வத்தப் பண்ணுற குளிசை) அஞ்சு மாதம், கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக் குறைச்சு. முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிச்சுது. கறுத்த பூசணிக்காய். விரல் வளையாமல் இருக்க இரவில கைக்குச் சிம்பு வைச்சுக் கட்டவேணும். பகலில விரலை நிமித்தி மடக்குற பயிற்சி.

டொக்டரிட்டக் கேட்டன். "இந்தக் கை திரும்பக் கீறுமா? அதை மட்டும் சொல்லுங்கோ."

"பலம் வரும் எண்டு நினைக்கிறன். தொடுறது தெரியிறது வராமல் போகலாம்."

பாஸ்டல் பிடிக்கிறவனுக்கு விரல் நுனிதான் பிரஷ். ரெண்டு நிறம் எங்க கலக்குது எண்டு கண்ணுக்கு முதல் சின்னி விரலுக்குத்தான் தெரியும். அந்த விரல் இனிச் செவிடு.

டொக்டர் வெண்கட்டியையும் குறைக்கச் சொன்னா. வேர்வை வராத தோல் தானாக் காயும். வெண்கட்டித் தூள் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிப்போடும். பிறகு வெடிக்கும். வெடிப்பு நோகாது, புண்ணாகும். நான் விட மாட்டன் எண்டன். அப்ப பேரம் பேசினம். வெண்கட்டி பிடிச்ச நாளெல்லாம் கையைத் தண்ணியில ஊறவிட்டு, ஈரத்தோட எண்ணெய் பூசவேணும். இப்பவும் அப்பிடித்தான். பின்னேரம் அஞ்சு மணிக்கு மனுசி பெரிய பேசினில தண்ணி நிரப்பிக் கொண்டுவந்து வைப்பா. இருபது நிமிசம் ஊறவைச்சு, அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்ர கை ரெண்டையும் கால் ரெண்டையும் ஒவ்வொரு இடமாத் திருப்பிப் பாப்பா. எனக்குத் தெரியாத காயம் எல்லாம் அவவுக்குத் தெரியும்.

வெண்கட்டி உடையிறதுக்கு வழி கடற்கரையில கிடைச்சுது. வள்ளத்து என்ஜினுக்கு எண்ணெய் போற ரப்பர் குழாய். பழசொண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, உள்ளுக்கு வெண்கட்டியைச் செருகினால் பிடி தடிப்பா இருக்கும், உடையாது. பாஸ்டலுக்கு இன்னும் பெரிய குழாய். எவ்வளவு அமத்துறம் எண்டதைக் கோட்டின்ர தடிப்பைப் பாத்துப் பிடிச்சன். விரலால தேய்க்கிறதை விட்டிட்டு, துணியைச் சுருட்டித் தேய்ச்சன். முதல் ரெண்டு மாதம் நான் கீறின கழுதையை ஒண்டாம் ஆண்டுப் பிள்ளை பாத்தால் அழும். அதுக்குப் பிறகு பிள்ளை அழாது, கழுதைதான் அழும் போல இருக்கும். அது முன்னேற்றம்.

ஒன்பதாவது அட்டையில, உப்புக்குளத்து உம்மா பள்ளிக்கூட வாசலில நிண்டா. இந்த முறை கிட்ட வந்து மெல்லக் கேட்டா.

"சேர், என்ட தம்பிட முதுகில ஒண்டு கிடக்கு. தொட்டாத் தெரியேல்லயாம். நீங்க ஒருக்காப் பாப்பீங்களா?"

"நான் டொக்டர் இல்ல. ஆனா கிளினிக்குக்கு வழி தெரியும். முருங்கனால சுத்திப் போகத் தேவையில்ல."

அவவின்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போனன். அவருக்கு ஆறு அட்டையோட முடிஞ்சுது, விரலுக்கு ஒரு சேதமும் இல்ல. நேரத்தோட போனவருக்கும் பதினொரு மாதம் கலர் அடிச்சவனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கிளினிக்குக்குப் போன அடுத்த நாளே அவவின்ர மகள் பெட்டியை நீட்டி, "உம்மா தொடச் சொன்னவ" எண்டாள். தொட்டன். நீலம் எங்க கலக்குது எண்டு கண்ணால பாத்துக் காட்டினன்.

பன்னிரண்டாவது அட்டை முடிஞ்ச மாதம், மறைப்பள்ளியில அந்தப் பத்துப் பேரின்ர பாடம் வந்தது. கீறுவியளோ எண்டு தயங்கித் தயங்கித்தான் கேட்டவை. போனன். ஒரு சனிக்கிழமை முழுக்க நிண்டு கீறினன். இந்த முறை மூக்கில்லாதவன் ஒருத்தனும் இல்ல. ஒராள் சாரத்தோட, ஒராள் மீன்காரர் மாதிரி வலையோட, ஒராள் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு, ஒராள் கையில அரிசிப் பையோட. பத்தும் மன்னாரில பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள். ஒன்பது பேரை வெண்கட்டியால கீறினன். நன்றி சொல்லத் திரும்பி வாறவனுக்கு என்ர மூஞ்சியைப் போட்டன், கறுத்த நிறம், ஊதின கன்னம், வளைஞ்ச விரல் எல்லாத்தோடையும். அவனை மட்டும் எண்ணெய்ப் பாஸ்டலால கீறினன்.

கரும்பலகையில பாஸ்டல் பட்டால் அழியாது. இருபத்திநாலு வருசமா அதுக்குத்தான் பிள்ளையளை ஏசுறனான். எனக்கு அண்டைக்கு அழியாததுதான் தேவைப்பட்டுது. இனி எந்தப் பாடத்துக்கு எதை எழுதினாலும், மூலையில நான் நிப்பன். பிள்ளையள் பாத்துப் பழகட்டும்.

விரல் ரெண்டும் முழுசா நிமிரேல்ல. நிறம் மெல்ல மெல்லத் திரும்புது. திட்டு மங்கிப்போச்சு, அந்த இடத்தில உணர்ச்சி வரேல்ல. என்ர கை எனக்கு நாள் முழுக்க இல்ல. பின்னேரம் அஞ்சு மணிக்குப் பேசினுக்குள்ள பாக்கேக்கதான் ரெண்டும் முழுசா இருக்கெண்டு தெரியவரும். மற்ற நேரமெல்லாம் இருக்கெண்ட நம்பிக்கையில திரியிறன். மாதம் எண்டதும் எனக்கு இப்ப முப்பது நாள் இல்ல, அட்டைக் கணக்கில இருபத்தெட்டு நாள்தான்.

ஞாயிறு பூசை முடிய மனுசியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டினன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்ர கையைப் பாக்கிற மாதிரியே, ஒவ்வொருத்தனாப் பாத்தா. கடைசியா மூலையில நிக்கிறவனுக்கு முன்னால போய்க் கனநேரம் நிண்டா. ஏதும் நல்ல சொல்லு வரும் எண்டு நான் பக்கத்தில நிண்டன்.

"நன்றி சொல்ல வந்தவனுக்கோ உங்கட மூஞ்சியைப் போட்டியள்?" எண்டா. "இவ்வளவு மாதமா நான் பேசின் தூக்கினன். ஒரு நாள் எனக்கு நன்றி சொன்னியளா? போய் உங்களை அந்த ஒன்பது பேரோட கீறுங்கோ."